விலக்கப்பட்ட கோவேறு கழுதை ஏன் செத்தது? கூட்டாளிகளைத் தவிர்க்கும் பரப்பு மந்திரங்கள் குறித்து ஒரு கேள்வி

குகைக்காவலன் (கேள்வி):

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014 விதிநூலின்படி, ஓராண்டுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். குழுவில் நால்வர்: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (கள்ளர்), கிளெரிக் (இறைவழி மந்திரவாதி), சார்சரர் (பிறவி மந்திரவாதி). அனைவரும் ஐந்தாம் லெவல் (இது கதாபாத்திரத்தின் தேர்ச்சிப் படி; மந்திரத்தின் படியை 'நிலை' என்கிறேன்). சென்ற வாரச் சண்டை ஒன்றில் எழுந்த தகராறு இன்னும் ஓயவில்லை என்பதால் இங்கே வைக்கிறேன்.

இரண்டு பாறைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு பாதை. ஆறு ஹாப்காப்ளின்கள் இறங்கி வந்து, ஃபைட்டரையும் அவர் கயிற்றைப் பிடித்து நடத்திவந்த கோவேறு கழுதையையும் சூழ்ந்துகொண்டன. இலக்குக்கு ஐந்தடிக்குள் தம் தோழன் ஒருவன் நின்றால் இரண்டு ஆறுமுகப் பகடை அளவுக்குக் கூடுதல் சேதம் செய்யும் திறன் அவற்றுக்கு இருப்பதால், அவை ஒட்டி நிற்பதுதான் முறை. நானும் அப்படியே நிறுத்தினேன். சார்சரருக்கு, பரப்பில் உள்ள எல்லோரையும் சுடும் மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பாலுக்கென்றே அமைந்த காட்சி அது. தன் மந்திரத்திலிருந்து கூட்டாளிகளைக் காக்க உதவும் கேர்ஃபுல் ஸ்பெல் என்ற திறனுக்கு ஒரு சார்சரி பாயிண்ட் செலவழித்து, ஃபைட்டரையும் கழுதையையும் விலக்குவதாக அறிவித்துவிட்டு எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினார். 31 விழுந்தது. ஆறு ஹாப்காப்ளின்களும் ஒழிந்தன.

பிறகுதான் விதிநூலைப் புரட்டினோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் சேவிங் த்ரோவில் (மந்திரத்தைத் தாக்குப்பிடிக்க உருட்டும் பகடையில்) தானாக வெல்வார் என்று இருந்ததே தவிர, அவருக்குச் சேதமே இல்லை என்று எங்கும் இல்லை. ஃபயர்பாலில் வென்றவருக்கும் பாதிச் சேதம் உண்டு. ஆகவே 15. ஏற்கெனவே அடிபட்டு 19 ஹிட் பாயிண்டோடு (உயிர்ப்புள்ளி) நின்ற ஃபைட்டர் 4-க்கு இறங்கினார். கழுதைக்கு மொத்தமே 11 ஹிட் பாயிண்ட்தான். அதன் முதுகில் இருந்த கூடாரமும் பத்து நாள் உணவும் என்ன ஆயின என்பதைக்கூட யாரும் கேட்கவில்லை.

இப்போது மேசையில் மூன்று குரல்கள். "பாயிண்ட் செலவழித்தும் கூட்டாளி வேகிறார் என்றால் அந்தத் திறன் எதற்கு?" என்கிறார் சார்சரர். அதே மூன்றாம் நிலையில் கிளெரிக் போடும் ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்ற பரப்பு மந்திரம் எங்கள் யாரையும் தொடுவதில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். ஃபைட்டர், தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிறார். அடுத்த அமர்வில் ஐந்தாவதாகச் சேரவிருக்கும் நண்பர் எவொகேஷன் என்ற மந்திரப் பள்ளியைச் சேர்ந்த விசார்டாக (கற்றறிந்த மந்திரவாதியாக) வருகிறார். அவருடைய ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் என்ற திறன் எந்தச் செலவும் இல்லாமல் கூட்டாளிகளை முழுமையாகக் காக்கிறது என்று தெரிந்ததும் சார்சரரின் மனக்குறை இரட்டிப்பாகிவிட்டது. பகைவரை மட்டும் சுடும் "பகைச்சுடர்" என்ற புது மந்திரத்தை அவரே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்: மூன்றாம் நிலை, ஃபயர்பாலின் அதே 150 அடித் தூரம், அதே 20 அடி ஆரம், அதே எட்டுப் பகடை.

என் தீர்ப்பு சரிதானா? பகைச்சுடரை அனுமதிக்கலாமா? அனுமதிப்பதானால் என்ன விலை வைப்பது?

விதிநூல்வாசகி:

உங்கள் தீர்ப்பு 2014 விதிப்படி சரி. கழுதைக்கு என் இரங்கல்.

"கூட்டாளிகளைத் தவிர்க்கும்" என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும், விதிநூலில் அது மூன்று வெவ்வேறு வாக்குறுதிகளாக இருக்கிறது. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலாவது, மந்திரத்தின் சொற்களிலேயே தவிர்ப்பு இருப்பது. ஸ்பிரிட் கார்டியன்ஸைப் போடும்போது கண்ணுக்குத் தெரியும் எத்தனை பேரை வேண்டுமானாலும் விலக்கலாம்; ஸ்லோ 40 அடிக் கனசதுரத்துக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் ஆறு பேரை மட்டுமே பிடிக்கும். இவற்றில் விலக்கப்பட்டவருக்கு மந்திரம் என்ற ஒன்று நிகழவே இல்லை. இரண்டாவது, கேர்ஃபுல் ஸ்பெல் தருவது: மந்திரம் அவர்மேல் நிகழ்கிறது, ஆனால் சேவிங் த்ரோவில் அவர் வென்றதாகக் கொள்ளப்படும். மூன்றாவது, ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ்: வென்றதாகவும் கொள்ளப்படும், வென்றால் பாதி என்று இருக்கும் இடத்தில் அந்தப் பாதியும் போய்விடும்.

கேர்ஃபுல் ஸ்பெல் பயனற்றது என்று உங்கள் சார்சரர் நினைப்பது, அவர் அதைத் தவறான மந்திரத்தோடு இணைத்ததால்தான். அதே மூன்றாம் நிலையில் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் இருக்கிறது. அதில் வென்றவருக்குப் பாதி விளைவு என்று எதுவும் கிடையாது. தோற்றவர் சொக்கி நிற்பார், வென்றவர் நடந்துபோவார். ஃபைட்டரைச் சுற்றி ஆறு பேர் நிற்கும் அந்தக் காட்சியில், 30 அடிக் கனசதுரத்தை அவர்கள் தலைமேல் இறக்கி, ஃபைட்டரையும் கழுதையையும் மட்டும் விலக்கியிருந்தால், இருவர் உடலிலும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. 2014 விதியில் கேர்ஃபுல் ஸ்பெல்லின் உண்மையான வீடு அதுதான். உங்கள் ரோக் ஏழாம் லெவலில் எவேஷன் பெற்ற பிறகு இன்னொரு நல்ல விளைவும் உண்டு: டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோவில் வென்றால் அவருக்குச் சேதமே இல்லை என்பதால், கேர்ஃபுல் ஸ்பெல் போட்ட ஃபயர்பாலுக்கு நடுவில் அவர் நின்று சோம்பல் முறிக்கலாம்.

ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸைப் பற்றி விசார்ட் வருவதற்கு முன்பே சில எல்லைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. அது எவொகேஷன் மந்திரங்களுக்கு மட்டும். ஹிப்னாட்டிக் பேட்டர்ன் மாயக்காட்சிப் பள்ளியைச் சேர்ந்தது, ஆகவே விசார்டுக்கு அங்கே உதவி இல்லை. மந்திரத்தின் நிலையோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கை வரை காக்கலாம். மூன்றாம் நிலை ஃபயர்பாலுக்கு நால்வர். காக்கப்படுபவர் விசார்டின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பனிமூட்டத்துக்குள்ளோ மறைவு மந்திரத்திலோ இருக்கும் ரோக்கைக் காக்க முடியாது. "பிற" உயிரினங்கள் என்றே விதி சொல்வதால் விசார்ட் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளவும் முடியாது. சிறிய அறையில் இது பலமுறை மறக்கப்படுகிறது. சேவிங் த்ரோ இல்லாத சேதத்தின்முன் அது வெறும் பார்வையாளர்தான்: வால் ஆஃப் ஃபயர் என்ற நெருப்புச்சுவர் எழும் கணத்தில் கூட்டாளியைக் காக்கும், ஆனால் சுடும் பக்கத்தில் பத்தடிக்குள் அவர் தன் முறையை முடித்தால் வரும் சேதத்துக்கு சேவிங் த்ரோ கிடையாது, ஆகவே காப்பும் கிடையாது.

2024 விதிநூலில் கேர்ஃபுல் ஸ்பெல்லுக்கும் அந்த "பாதியும் இல்லை" என்ற சொற்றொடரைச் சேர்த்துவிட்டார்கள். விலை அதே ஒரு பாயிண்ட். எதிர்ப்பக்கம், விசார்ட் 2014-இல் இரண்டாம் லெவலிலேயே பெற்ற ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் 2024-இல் ஆறாம் லெவலுக்குத் தள்ளிப்போனது. உங்கள் சார்சரரின் மனக்குறை வெறும் முணுமுணுப்பு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழையபகடை:

மேலே சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கேள்வியின் அடியில் இருக்கும் எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபயர்பால் பிறந்தது படைக்கருவியாக. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வருவதற்கு முன்பே, 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர்மேசை விதிகளின் கற்பனைப் பகுதியில் விசார்டுக்கு இரண்டு ஆயுதங்கள் இருந்தன. நெருப்புக்குண்டுக்குப் பெரிய கவண்பொறியின் தாக்குப்பரப்பு. மின்னலுக்குக் கனரகப் பீரங்கியின் அளவு. கவண்பொறி எறியும் கல், கீழே நிற்பவன் யார் பக்கம் என்று விசாரித்துவிட்டு விழாது. அந்தக் குணம் மந்திரத்தோடு சேர்ந்தே வந்தது, அதுதான் அதற்கு அழகும்கூட.

1978-இன் விதிநூலில் இது இன்னும் கடுமை. அப்போது ஃபயர்பால் கோள வடிவத்தில் நின்றுவிடாது. இடம் போதாவிட்டால் தன் கனஅளவு முழுவதையும் நிரப்பும்வரை பரவும். 20 அடி ஆரமுள்ள கோளத்தின் கனஅளவு ஏறத்தாழ 33,500 கனஅடி. அதாவது பத்தடிக்குப் பத்தடிக்குப் பத்தடி என்று முப்பத்துமூன்று பெட்டிகள். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட ஒரு நிலவறைத் தாழ்வாரத்தில் இதை வெடித்தால், தீ 330 அடி நீளத்துக்கு ஓடும், இருபக்கமும் 165 அடி. நாற்பதடி தள்ளி நின்று வீசிய விசார்ட், தன் தாடி உட்பட எல்லாவற்றையும் இழப்பார். மின்னலோ சுவரில் பட்டுத் திரும்பி வரும். இதனால் நாங்கள் மந்திரம் போடுமுன் தாழ்வாரத்தின் நீளத்தைக் கேட்டோம், கதவுகளை எண்ணினோம், ஒருவரையொருவர் பின்வாங்கச் சொன்னோம். ஒரு மந்திரத்துக்காக மேசையே ஐந்து நிமிடம் திட்டமிடும். உங்கள் ஃபைட்டர் கேட்கும் "ஒரு வார்த்தை" அந்த நாளில் விதியின் பக்கவிளைவாகத் தானே கிடைத்தது.

பிற்காலப் பதிப்புகள் தவிர்ப்பை ஒவ்வொரு விதமாக விற்றன, விலையைப் பாருங்கள். மூன்றாம் பதிப்பில் மந்திரப்பரப்புக்குள் வெற்றிடங்களை விட்டுவைக்கும் திறமை ஆர்ச்மேஜ் என்ற உயர்நிலைக்கே கிடைத்தது. அதன் வழிவந்த பாத்ஃபைண்டரின் முதற்பதிப்பில் செலக்டிவ் ஸ்பெல் போட்டால் மந்திரம் ஒரு நிலை உயர்ந்த ஸ்லாட்டை (மந்திரம் போடும்போது செலவாகும் வாய்ப்பை)த் தின்னும்; மூன்றாம் நிலை ஃபயர்பால் நான்காம் நிலையாகும். 2008-இல் வந்த நான்காம் பதிப்போ வேறு வழி எடுத்தது: சில தாக்குதல்களில் "பரப்பில் உள்ள ஒவ்வொரு பகைவரும்", சில தாக்குதல்களில் "ஒவ்வொரு உயிரினமும்" என்று வரியிலேயே அச்சடித்துவிட்டார்கள். வாசிக்கத் தெளிவாகத்தான் இருந்தது. விளையாடும்போது, பகைவரை மட்டும் தொடும் வரியைக் கண்டதும் எங்கள் மேசையில் யாரும் வரைபடத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

ஆகவே பகைச்சுடருக்கு என் வாக்கு இல்லை. அந்த மந்திரம் வந்த மறுநாள் ஃபயர்பாலை யார் எடுப்பார்கள்?

கட்டம்வரைபவர்:

விதியையும் வரலாற்றையும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன். விலக்கும் திறன் எதுவுமே இல்லாமல், வெடிக்கும் புள்ளியைத் தள்ளி வைப்பதாலேயே அந்தச் சண்டையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஐந்தடிக் கட்டத்தாளில் ஃபயர்பாலின் மையத்தை நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலையில் வையுங்கள். பாதியாவது மூடப்பட்ட கட்டம் தாக்கப்படும் என்ற விதிப்படி எண்ணினால், மையத்துக்கு ஒரு பக்கம் நான்கு வரிசைகள் வரும்: மையத்தை ஒட்டிய இரண்டில் எட்டெட்டுக் கட்டங்கள், அடுத்ததில் ஆறு, விளிம்பு வரிசையில் நான்கு. மறுபக்கமும் அதே கணக்கு. மொத்தம் 52 கட்டங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த விளிம்பு வரிசையின் நான்கு கட்டங்கள். ஃபைட்டரின் கட்டத்துக்கு முன்புறக் கோட்டிலிருந்து சரியாக இருபதடி தள்ளி, பகைவருக்குப் பின்னால், மையத்தை வையுங்கள். ஃபைட்டருக்கு நேர் முன்னாலும் முன்-இடம், முன்-வலம் என இரு மூலைகளிலும் நிற்கும் மூவர் அந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஃபைட்டர் வெளியே. அவருக்குப் பின்னால் நிற்கும் கழுதையும் வெளியே.

அவருடைய பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் நிற்கும் மூவர் தப்பிப்பார்கள், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஹாப்காப்ளினுக்கு 11 ஹிட் பாயிண்ட். எட்டுப் பகடையின் சராசரி 28, பாதி 14. சேவிங் த்ரோவில் வென்றவர்களும் பத்துக்கு ஒன்பது முறை சாவார்கள். ஒரு ஸ்லாட்டில் மூவர் ஏறத்தாழ நிச்சயமாகப் போய், ஃபைட்டர் 19 ஹிட் பாயிண்டோடு எஞ்சியிருக்கும் நிலை, ஆறு பேரும் போய் அவர் 4-இல் தள்ளாடும் நிலையைவிடப் பல சண்டைகளில் மேலானது. அடுத்த திருப்பத்தில் என்ன காத்திருக்கிறது என்று ஆட்டக்காரருக்குத் தெரியாதல்லவா.

ஆறு பேரும் வேண்டுமென்றால், முறை வரிசை இடம்கொடுத்தால், இன்னொரு வழி உண்டு. சார்சரர் தன் முறையில் மந்திரத்தை ரெடி செய்து கையில் பிடித்திருக்க, அடுத்து வரும் ஃபைட்டர் டிஸ்என்கேஜ் (அடிவாங்காமல் விலகும் செயல்) எடுத்து, இடைவெளி வழியாக முப்பதடி வெளியேற, அவர் வெளியேறிய கணத்தில் சார்சரர் ரியாக்ஷனை (பிறர் முறையில் செய்யக்கூடிய எதிர்வினையை)ச் செலவழித்து வெடிக்கலாம். பிடித்திருக்கும் நேரத்தில் கான்சன்ட்ரேஷன் (இடைவிடாத கவனம்) வேண்டும். அடிபட்டு அது கலைந்தால் ஸ்லாட் வீண். முழு வளையமாகச் சூழ்ந்திருந்தால் வெளியேறவும் வழியில்லை. கழுதைக்கு டிஸ்என்கேஜ் கற்றுக்கொடுப்பது உங்கள் பாடு.

உயரத்தைப் பயன்படுத்துங்கள் என்று சிலர் சொல்வார்கள். மையத்தைத் தரையிலிருந்து 16 அடி மேலே வைத்தால் தரையில் விழும் வட்டத்தின் ஆரம் 20-இலிருந்து 12 அடியாகச் சுருங்கும், அதனால் இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவே நெருப்பைச் செருகலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான், காலடிக்கு மட்டும். ஆறடி உயரத்தில் அதே கோளத்தின் ஆரம் பதினேழடியைத் தாண்டும். பாதம் தப்பித் தலை வேகும். இதை ஒருமுறை எங்கள் மேசையில் வாதிட்டு முக்கால் மணி நேரம் இழந்தோம்; இப்போது தரையளவில் மட்டும் எண்ணுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

குகைக்காவலன்:

மூவருக்கும் நன்றி. மையத்தைப் பின்னால் தள்ளும் உத்தியை வரைந்து காட்டியபோது, ஃபைட்டராக ஆடுபவர் அந்தத் தாளை மடித்துத் தன் கதாபாத்திரத் தாளுக்குள் வைத்துக்கொண்டார். சார்சரர் மட்டும் பகைச்சுடரை விடுவதாக இல்லை. "பழைய விதிகள் பழையவர்களுக்கு" என்கிறார். அதற்கு நேர்மையாக ஒரு விலை வைக்க வேண்டுமென்றால் எப்படி வைப்பது?

விதிநூல்வாசகி:

டன்ஜன் மாஸ்டர் நூலில் புது மந்திரம் இயற்றுவதற்கென்று ஒரு சேத அட்டவணை இருக்கிறது. பலரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு அது பரிந்துரைப்பது ஆறு ஆறுமுகப் பகடைகள். எட்டுப் பகடை என்பது அதே அட்டவணையில் ஐந்தாம் நிலைக்குரிய அளவு. அதாவது ஃபயர்பால் தன் நிலையைவிட இரண்டு படி மேலே நிற்கும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கின் சேதத்தையும் தூரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல் தவிர்ப்பையும் சேர்ப்பதுதான் பகைச்சுடரின் சிக்கல்.

தவிர்ப்பை இயல்பாகவே கொண்ட சேத மந்திரங்கள் எதை இழந்து அதை வாங்கியிருக்கின்றன என்று பார்த்தால் ஒரு விலைப்பட்டியல் தானே கிடைக்கும். ஸ்பிரிட் கார்டியன்ஸ் மூன்று எட்டுமுகப் பகடை, சராசரி 13 அல்லது 14. அதற்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும், கிளெரிக் தானே பகைவருக்குப் பதினைந்தடி அருகில் போய் நிற்கவும் வேண்டும், விலக்கலும் போடும்போதே முடிந்துவிடும். பிறகு கதவைத் திறந்துகொண்டு வரும் கூட்டாளிக்கு அதில் இடமில்லை. உங்கள் சார்சரர் கிளெரிக்கைப் பார்த்துப் பொறாமைப்படும்போது இந்தப் பதினைந்தடியை மறந்துவிடுகிறார். ஐந்தாம் நிலையின் டிஸ்ட்ரக்டிவ் வேவ் இன்னும் தெளிவான சான்று. அதன் மொத்தச் சேதம் பத்து ஆறுமுகப் பகடை, சராசரி 35. ஃபயர்பாலை ஐந்தாம் நிலை ஸ்லாட்டில் போட்டாலும் அதே பத்துப் பகடைதான். முன்னது நாம் தேர்ந்தெடுப்பவரை மட்டும் அடிக்கிறது, தரையில் தள்ளவும் செய்கிறது. பின்னது எல்லோரையும் சுடுகிறது. வேறுபாடு, முன்னது போடுபவரைச் சுற்றி முப்பதடிக்குள் மட்டும் என்பதும், பின்னது 150 அடி தொலைவிலிருந்து வீசப்படும் என்பதும்தான். இந்த விளையாட்டில் தவிர்ப்பு பெரும்பாலும் தூரத்தைக் கொடுத்து வாங்கப்படுகிறது.

ஆகவே என் கை பகைச்சுடரை எழுதினால் இப்படி எழுதும்: மூன்றாம் நிலை, 60 அடித் தூரம், 15 அடி ஆரம், ஐந்து ஆறுமுகப் பகடை, கண்ணுக்குத் தெரிபவர்களில் நாம் தேர்ந்தெடுப்பவர்மேல் மட்டும். சராசரி 17. சேவிங் த்ரோவில் தோற்ற ஹாப்காப்ளின் சாகும். வென்றது 8 வாங்கி, 3 ஹிட் பாயிண்டோடு நிற்கும். அந்த மூன்றில்தான் ஃபைட்டருக்கு வேலை இருக்கிறது. இதைக் காட்டினால் உங்கள் சார்சரர் வேண்டாம் என்றே சொல்வார் என்று நினைக்கிறேன், ஏனெனில் அவருக்குத் தேவை தவிர்ப்பு அல்ல, எட்டுப் பகடையோடு கூடிய தவிர்ப்பு.

என் பரிந்துரை வேறு. புது மந்திரத்தை விட்டுவிட்டு, கேர்ஃபுல் ஸ்பெல்லுக்கு மட்டும் 2024-இன் சொற்களை ஏற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாம் லெவல் சார்சரருக்கு ஐந்து பாயிண்ட்களும் இரண்டு மூன்றாம் நிலை ஸ்லாட்களும் உண்டு; இரண்டு ஃபயர்பாலுக்கும் கேர்ஃபுல் ஸ்பெல் சேர்த்தால் நாளுக்கு இரண்டு பாயிண்ட். அவர் இழப்பது சிறிது, ஆனால் இழக்கிறார். விசார்ட் எதையும் இழப்பதில்லை என்பது உண்மை. அவர் அதற்காக ஒரு பள்ளியையே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பழையபகடை:

நான் எதிர்ப்பதாகச் சொன்னது பகைச்சுடரைத்தான். இந்தப் பரிந்துரைக்கு எனக்குத் தடையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேர்ஃபுல் ஸ்பெல்லும் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸும் உயிரினங்களைத்தான் காக்கின்றன. யார் கையிலும் உடலிலும் இல்லாத, தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள் ஃபயர்பாலில் பற்றிக்கொள்ளும் என்ற வரி அப்படியே நிற்கிறது. கயிற்றுப்பாலத்தின்மேல், வைக்கோல் வேய்ந்த விடுதியில், எண்ணெய்ப் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்கில் ஒரு சண்டையை வையுங்கள். நண்பர்களின்மேல் அனல்கூடப் படாது, நிற்கும் இடம்தான் இருக்காது. உருமாறி நண்பனின் முகத்தோடு நிற்கும் டாப்பிள்கேங்கரையும் மறக்காதீர்கள். காக்க வேண்டியவரைத் தேர்ந்தெடுப்பது மந்திரம் அல்ல, மந்திரம் போடுபவர். அவர் நம்பியவனை அந்தக் காப்பு காக்கும். எங்கள் மேசையில் ஒருவர் போலி நண்பனைக் காத்துவிட்டு, உண்மையானவனை "இவன்தான் போலி" என்று சுட்டார்.

குகைக்காவலன்:

நேற்று எல்லோரும் கூடிப் பேசினோம். விதிநூல்வாசகி சொன்னபடியே நடந்தது: ஐந்து பகடைப் பகைச்சுடரைக் காட்டியதும் சார்சரர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். கேர்ஃபுல் ஸ்பெல்லுக்கு 2024-இன் சொற்களை ஏற்றுக்கொண்டோம். விசார்ட் 2014-இன் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸோடு வருகிறார். ஃபைட்டர் கேட்டதற்காக ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறோம்: காப்பு இல்லாத பரப்பு மந்திரம் ஒரு கூட்டாளியின் கட்டத்தைத் தொடுமானால், பகடை உருட்டுமுன் அந்த ஆட்டக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் மையத்தை நகர்த்தலாம் அல்லது வேறு மந்திரம் எடுக்கலாம், முறை வீணாகாது. இது விதியல்ல, மரியாதை என்றார் ஃபைட்டர். அவரே முதல் ஆளாக, "என்னைக் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. அடுத்த ஊரில் புதிதாக ஒரு கோவேறு கழுதை வாங்கியிருக்கிறார்கள், பெயரும் வைத்துவிட்டார்கள். விசார்டைத் தவிர்த்துக் குழுவில் நால்வர். மூன்றாம் நிலை ஃபயர்பாலில் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் காப்பதும் நால்வரை. கழுதை ஐந்தாவது. அதைக் காக்க ஏதாவது வழி இருக்கிறதா?

கட்டம்வரைபவர்:

இருக்கிறது. மந்திரத்தை உயர்ந்த ஸ்லாட்டில் போட்டால் அது அந்த நிலை மந்திரமாகவே கொள்ளப்படும். நான்காம் நிலை ஸ்லாட்டில் போட்ட ஃபயர்பாலில் ஐவரைக் காக்கலாம், சேதத்திலும் ஒரு பகடை கூடும். உங்கள் விசார்டுக்கு நான்காம் நிலை ஸ்லாட் ஏழாம் லெவலில் கிடைக்கும். அதுவரை கழுதையைப் பாதை வளைவுக்கு இப்பாலேயே கட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.